வீட்டுக்கு வந்து விசாரித்தவர்கள்

ஜூலை 2, புதன்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஸ்கூட்டி சீட்டில் ஈரத் துணி போட்டு உட்கார்ந்தேன். இன்றைய ஹோம் விசிட்: பிள்ளைப்பாக்கம் 2, வடக்குப்பட்டு 1. மூன்று பேருமே காருக்கு ஒயர் கட்டும் லைன் பெண்கள், மூன்று நாளுக்கு மேல் லீவு.

நான்கு வருஷமாக இதே பிழைப்பு. லீவு போட்டவர் கதவைத் தட்டு, சிரி, தண்ணீர் வாங்கிக் குடி, படிவத்தை நிரப்பு.

பிள்ளைப்பாக்கம் முதல் வீடு பூட்டு. இரண்டாவது, மாமியார் இறந்த வீடு. போட்ட பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. அங்கே நின்று படிவத்தை வெளியே எடுக்கவே கூசியது. எடுத்தேன்.

வடக்குப்பட்டில் தேவி. மூன்று வருஷம் டிரெய்னியாகவே ஓட்டிவிட்டு இந்த மாதம் நிரந்தரம் ஆக வேண்டியவள். பையனுக்கு உடம்பு சரியில்லை.

"வாக்கா, உள்ள வா. ஃபேனுக்கு நேரா குந்து. புள்ளைக்கு நாலு நாளா ஜொரம்கா, வுடவே மாட்டேங்குது."

நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். அனல். இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தாள். நல்ல டீ. ஆபீஸ் வந்து எழுதியது:

காரணம் – குழந்தைக்குக் காய்ச்சல். உண்மை.
வீடு – சுத்தம்.
மற்றவை – பகல் 11 மணிக்குக் கணவர் படுத்துக் கிடந்தார். பின் அறையில் வெளியாட்கள் இருவர் வாடகைக்கு (ஒடிசா).

'மற்றவை' காலியாக இருந்தால் மேனேஜர் பாஸ்கர் சாருக்குப் பிடிக்காது. அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிவிடுவது.

வாங்க வேண்டியது: துணி சோப்பு, அம்மாவுக்குக் கால்வலித் தைலம், ரீஃபில் 2.

ஜூலை 6, ஞாயிறு

செங்கல்பட்டில் அஞ்சல்வழிப் படிப்பின் கான்டாக்ட் வகுப்பு. சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் இருபது நிமிஷம் லேட். நான் போய்ச் சேரும்போது மேடம் பாதி போர்டு எழுதிவிட்டார். சின்னப் பெண், என்னைவிட நாலைந்து வயது குறைவு இருக்கும். பி.ஏ. வரலாறு, முதல் வருஷம், தாள் 3: நவீன அமெரிக்க வரலாறு.

போன வாரப் பாடம், கறுப்பருக்குத் தனிக் குழாய், பஸ்ஸில் தனி சீட். அதற்கே அதிர்ந்து போய் வந்தேன். அமெரிக்கா என்றால் ராக்கெட், உயரக் கட்டிடம், மாமா பையன் அனுப்பும் சாக்லேட், இவ்வளவுதானே தெரியும். அங்கேயுமா இந்தக் கண்றாவி!

இன்று கார் தொழிற்சாலை. மேடம் 'டெட்ராய்ட்' என்று சொன்னதுதான் தாமதம், பின் பெஞ்சு ஓரகடம் பையன் எழுந்துவிட்டான்.

"மேடம், எங்க ஊருதான் மேடம் இந்தியாவோட டெட்ராய்ட்!"

ஒரே கைதட்டல். நானும் தட்டினேன். பெருமை வேறு!

நோட்டில் உள்ளபடி:

– நூறு வருஷத்துக்கு முன். கார் நகரும், ஆள் நிற்பான். ஒருவனுக்கு நாள் முழுக்க ஒரே திருகாணி. அலுத்துப்போய் ஆட்கள் ஓட்டம்.
– முதலாளி சம்பளத்தை ஒரேயடியாக இரண்டு மடங்கு ஆக்கினார்.
– ஆனால் ஒழுங்காக வாழ்கிறவனுக்குத்தான்.
– ஒழுங்கா இல்லையா என்று பார்க்கக் கம்பெனியே ஆள் அனுப்பியது. வீடு வீடாக. கையில் நோட்டு.

அந்த ஆட்களுக்கு மேடம் சொன்ன தமிழ்ப் பெயர்: விசாரிப்பாளர்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் படிவத்தின் தலையில் கொட்டை எழுத்தில் 'நல விசாரிப்பு' என்றுதானே இருக்கிறது. விசாரிப்பது என்றால் சௌக்கியமா, சாப்பிட்டாயா என்று கேட்பது என்றே இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்துச் செய்வதற்கும் அதே சொல்தான். மரமண்டை!

என்னென்ன பார்த்தார்களாம்? குடிக்கிறானா. வீடு சுத்தமா. கல்யாணம் நிஜமா, அதற்குச் சான்று உண்டா. வீட்டில் வெளியாட்களை வாடகைக்கு வைத்திருக்கிறானா. அக்கம்பக்கத்திலும் கேட்பார்களாம். பிடிக்கவில்லை என்றால் கூடுதல் சம்பளம் கட். திருந்தக் கெடு. திருந்தாவிட்டால் வேலையே போச்சு.

ஓரகடம் பையன் விடவில்லை. "இன்னா மேடம், மாமியார் மாதிரி வூடு வூடா வந்து பாத்துகினு இருந்தாங்களா?" வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்தார். எனக்கு 'வெளியாட்கள்' என்று எழுதும்போதே கை நின்றுவிட்டது. புதன்கிழமை நான் எழுதியது. அதே சொல்.

ரயிலில் வரும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது அமெரிக்கா, அது நூறு வருஷத்துக்கு முன். நான் நல்லவிதமாகத்தானே போகிறேன், நாலு வார்த்தை அன்பாகப் பேசுகிறேன், டீ குடிக்கிறேன். பரனூர் தாண்டும்போது நோட்டை மறுபடி எடுத்துப் பிரித்தேன். அவர்களும் ஏதாவது வாங்கிக் குடித்திருப்பார்கள் அல்லவா.

ஜூலை 7, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. விசிட் 2. புதிதாகச் சேர்ந்த கவிதாவையும் கூட்டிப் போகச் சொன்னார்கள். வேலை பழகட்டுமாம்.

"அக்கா, மத்தவைல இன்னா எழுதணும்?"

"ஒண்ணும் எழுதாத."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். என் படிவம் இரண்டிலும் அந்த இடம் காலி. சாயந்திரம் பாஸ்கர் சார்: "என்னம்மா ஸ்டெல்லா, கண்ண மூடிக்கிட்டா போயிட்டு வந்த?" கவிதாவுடையதை எடுத்துக் காட்டினார். ஐந்து வரி எழுதியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி சொன்னது உட்பட. இவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் எப்போது பேசினாள்? நான் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தபோதா?

ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

கேன்டீன் பக்கத்து போர்டில் நிரந்தரமானவர்கள் லிஸ்ட். மூன்று முறை மேலிருந்து கீழ் படித்தேன். தேவி பெயர் இல்லை. டிரெய்னி காலம் முடிந்தவளுக்கு இதில் பெயர் இல்லை என்றால் வேலையும் இல்லை. கம்பெனி அடையாளக் கார்டை நேற்றே வாங்கிவிட்டார்களாம்.

சாரிடம் போனேன். ஏன் சார் என்றேன்.

"நீ எழுதினதுதானேம்மா. புருஷன் பட்டப்பகல்ல குடிச்சிட்டுக் கெடக்குறான். வீட்டுல வெளியாளு வேற. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? சூப்பர் ரிப்போர்ட்."

"குடிச்சாருன்னு நான் எழுதலையே சார்."

"பகல் பதினோரு மணிக்கு ஒரு ஆம்பள வேற எதுக்குப் படுத்திருப்பான்?"

பாத்ரூமில் போய் முகம் கழுவினேன், திரும்பக் கழுவினேன். சூப்பர் ரிப்போர்ட்டாம். தூ!

அந்த டெட்ராய்ட்டில் குடியைத் தேடினார்களாம். இங்கே தேடக்கூட வேண்டியதில்லை. நான் பாதி எழுதினால் மீதியை அவர்களே எழுதிக்கொள்கிறார்கள்.

ஜூலை 10, வியாழன்

அரை நாள் லீவு. வடக்குப்பட்டு.

தேவி குழாயடியில் குடத்தோடு. என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. நடுத் தெருவிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியது நான்தான் என்றும் சொன்னேன்.

"ராத்திரி பூரா கம்பெனி கேட்டுல நின்னுட்டு வந்து படுத்துகினு கீறாருக்கா அவுரு. செக்யூரிட்டி. நைட் ஷிப்ட்டு."

நைட் ஷிப்ட்டு! இந்த ஊரில் பகலில் தூங்குகிறவன் வேறு யாராக இருப்பான்? தெருவுக்குத் தெரு கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, காலை இட்லி தின்று, ஜன்னலில் போர்வை கட்டித் தூங்குகிறார்கள். என் அப்பாவும் அப்படித்தான் தூங்கினார், நாங்கள் கால் விரலில் நடப்போம். எனக்கே தோன்றவில்லை. படிவம் கையில் வந்தால் கண் வேறு கண்ணாகிவிடுகிறதா?

"ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பனேக்கா. என் புள்ள நெத்தில கை வச்சிப் பாத்த. டீ குடிச்ச. இத்த மட்டும் கேக்க முடியலயா ஒன்னால?"

மன்னித்துவிடு என்றேன். அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை, கோபம்தான்.

"அழுது இன்னா பண்றது? அவுங்க ஒன் எழுத்தத்தானே நம்புறாங்க. திருப்பி எழுதிக் குடு, போ."

பையனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. வாசலில் டயர் ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஜூலை 11, வெள்ளி

நல்ல மழை, ஒரு மணி நேரம். சர்வீஸ் ரோட்டில் முழங்கால் தண்ணீர்.

பாத்ரூமுக்குப் பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதினேன். நாலு தாள் கிழித்தேன். கடைசியில்: 'தேவி குறித்து நான் எழுதிய குறிப்பு தவறு. அவர் கணவர் இரவுப் பணி செய்பவர். நான் கேட்காமலே எழுதினேன். அறையை வாடகைக்கு விடுவது குற்றமல்ல. என் தவறால் போன வேலையை அவருக்குத் திரும்பத் தர வேண்டும். ஒரு பெண் வேலைக்கு லாயக்கா என்று பார்க்க அவள் வீட்டுக்குள் போவது சரியில்லை என்றும் நினைக்கிறேன்.' கையெழுத்து, முழுப் பெயர்.

கடைசி வரி வேண்டாமா என்று பத்து நிமிஷம் யோசித்தேன். வைத்தேன்.

பாஸ்கர் சார் நிதானமாகப் படித்தார். மடித்தார். டிராயரில் வைத்தார்.

"அந்த லைனுக்கு வேற பொண்ணு வந்தாச்சும்மா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

"என் தப்புதானே சார்?"

"விடு. படிக்கிற போல, வரலாறு. நல்லது, நல்லது." கதவுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "கவிதா! நாளைக்கு ஸ்டெல்லா அக்கா வீட்டுக்கு ஒரு விசிட் போயிட்டு வாம்மா. சும்மா, ரொட்டீன்."

என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

என் ஃபைலில் 'திருமணமானவர், கணவருடன் வசிக்கிறார்' என்று இருக்கிறது. ஜான் விட்டுப் போய் இரண்டு வருஷம். நாலு வீட்டுக்குள் போகிற வேலைக்குக் குடும்பப் பெண்தான் வேண்டும் என்பார் சார், அதனால் மாற்றி எழுதிக் கொடுக்கவே இல்லை. பொய்த் தகவல் என்று ஒரே வரியில் வெளியே அனுப்பலாம். இந்தச் சம்பளம் இல்லையென்றால் எனக்கும் அம்மாவுக்கும் வேறு கதி இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். "ஐயோ ஏசுவே" என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஜூலை 12, சனி

ஆறு மணிக்கே எழுந்து வீடு பெருக்கினேன். பெருக்கிக்கொண்டிருக்கும்போதே என் மேலேயே ஆத்திரம். எதற்குப் பெருக்குகிறேன்? யாருக்கு? இருந்தும் பெருக்கி முடித்தேன். அடுப்பையும் துடைத்தேன். டெட்ராய்ட்டில் அந்தப் பெண்களும் துடைத்திருப்பார்கள்.

அம்மா பெட்டியைத் திறந்து எதையோ தேடினாள். பார்த்தால், ஜானின் நீலச் சட்டை. உதறி, வாசல் பக்க ஆணியில் மாட்டினாள்.

"இன்னாமா இது?"

"ஷிப்ட்டுக்குப் போயிகீறாருன்னு நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தெறக்காத."

இதுவரை நான் போன வீடுகளில் எத்தனை சட்டைகள் இப்படி ஆணியில் தொங்கின? எத்தனை அம்மாக்கள்?

பத்து மணி. கவிதா வந்தாள். புதுச் சுடிதார், பையில் படிவம். அவளுக்கும் சங்கடம்தான், என் கண்ணைப் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் வீட்டை. கட்டிலை, அலமாரியை, சட்டையை.

"அண்ணன் வேலைக்குப் போயிருக்காராக்கா?"

அம்மா, "ஆமா" என்று சொல்ல வாயைத் திறந்தாள். கவிதாவும் அந்த "ஆமா"வுக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. கேட்டுவிட்டாளே, இவளாவது கேட்டாளே என்று மனதில் ஓடியது.

"இல்ல கவிதா. அவரு போயி ரெண்டு வருஷம் ஆச்சு. அந்தச் சட்டை இன்னைக்குக் காலைல மாட்டுனது."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கவிதா பேனாவை எடுத்தாள்.

நான் சொன்னது இரண்டு வரி. அவள் தாளைத் திருப்பி, பின்பக்கமும் எழுதினாள்.