ஒன்பதாம் நம்பர் மலையில் இரண்டரை ரொட்டி

என் மினாக்காவுக்கு,

1962 ஏப்ரல் 23, திங்கட்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். ரொட்டி இரண்டரை. தேங்காய்ச் சம்பல் ஒரு உருண்டை. தேத்தண்ணி ஒரு கோப்பை. நம் தங்கச்சி தெரேசா இவ்வளவையும் ஒன்பதாம் நம்பர் தேயிலை மலையில், வேலை நேரத்தில், இருபது பெண்களுக்கு நடுவில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். நான் எண்ணினேன்.

நேற்று ஈஸ்டர். நேற்றுச் சாப்பிட்டதைக் கணக்கில் சேர்க்கவில்லை. திருநாளில் யாரும் சாப்பிடுவார்கள். இன்றைக்குச் சாப்பிட்டதுதான் சாப்பாடு. உனக்கு இதன் பெறுமதி தெரியும். அந்த மலையில் ஏழு வருஷம் கொழுந்தெடுத்தவள் நீ. ஒரு நாளாவது அங்கே வாய்க்குள் ஒரு துண்டு ரொட்டி வைத்தாயா?

உன் மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அக்கா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன்னை எல்லோரும் பக்திக்காரி என்றார்கள். தவக்காலம் நாற்பது நாளும் ஒருசந்தி இருந்தாய், அந்தியில் ஒரே ஒரு வேளைச் சோறு. சரி. தவக்காலம் முடிந்தும் உன் ஒருசந்தி முடியவில்லை. வெள்ளி என்றாய், புதன் என்றாய், பிறகு மாதாவுக்கு நேர்ச்சை என்று வருஷம் முழுக்க இழுத்தாய். அம்மா லயம் லயமாக, வீடு வீடாகப் போய்ப் பெருமை பேசினாள். நானும் நம்பினேன். இயந்திரம் படிக்கக் கொழும்புக்குப் போகிறவன், சொந்த வீட்டில் ஒரு பிள்ளை கரைவதைப் பார்த்துக்கொண்டே நம்பினேன்.

நான் ரயிலேறிய அன்று தலவாக்கலை ஸ்டேஷனில் என்ன சொன்னாய், ஞாபகமா? "பசிக்கலன்னா நெனைக்கிற? பசிக்குதுடா சவரி. தின்னா வயிறு பொரட்டும். நடு மலையில எங்கடா போறது? எங்கள மேய்க்கிற அந்தக் கணக்கப்பிள்ளை கூப்பாடு போட்டு எல்லாருக்கும் சொல்லுவான். அதுக்குத் தின்னாமலே இருந்திடலாம்." அப்போது ரயில் வந்துவிட்டது. திரும்பி வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூன்று வருஷத்துக்கு முன் ஆடி மழையில் உனக்கு நெஞ்சுச் சளி கட்டியது. நோயோடு சண்டை போட உன் உடம்பில் எதுவும் மிச்சமில்லை. அடக்கத்தில் உபதேசியார் உன் ஒருசந்தியைப் புகழ்ந்தார். பெண்கள் அழுதார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உன் மீதுள்ள கோபத்தில் பாதி என் மீதுதான்.

சென்ற வருஷம் நம் தோட்டத்துத் தொழிற்சாலைக்கே மெஷின் பிட்டராக வந்து சேர்ந்தேன். வந்து பார்த்தால் உன் கூடையைத் தெரேசா சுமக்கிறாள். உன் ஒருசந்தியையும் அவளே சுமக்கிறாள். "அக்கா விட்ட நேர்ச்சையத் தங்கச்சி முடிக்கிறா" என்று அம்மா பூரிக்கிறாள். பிள்ளையின் மணிக்கட்டை என் இரண்டு விரலால் வளைத்துப் பிடிக்க முடிந்தது.

"உனக்கும் வயிறா?" என்று நேராகவே கேட்டேன். ஒரு மணி நேரம் அழுதாள். பிறகு ஆமாம் என்றாள்.

எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். கொழுந்து காயவைக்கும் மெஷினுக்கு நாங்கள் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருப்போம். அதே மாதிரி அவளுக்கும் ஒன்று போட்டேன். என்ன தின்றாள், எத்தனை தரம் போனாள், எங்கே வலி. குற்றவாளிப் பண்டத்தைப் பிடித்துவிடலாம் என்று நினைப்பு. பருப்பை நிறுத்தினேன். மிளகாயை நிறுத்தினேன். தேங்காயை நிறுத்தினேன். கடைசியில் அவளுக்கு மிஞ்சியது வெறுங்கஞ்சி. நீ பயத்தில் செய்ததை நான் படிப்பை வைத்துச் செய்தேன், அக்கா. பட்டினிதான் இரண்டும்.

ஒரு மாதம் கழித்துத்தான் புத்தகம் பேசியது. ஞாயிறு, அம்மாவுக்குத் தெரியாமல் தின்ற மாசிச் சம்பல்: ஒன்றுமில்லை. திங்கள், வெறுங்கஞ்சி: நாலு தரம். அடுத்த ஞாயிறும் அப்படியே, அடுத்த திங்களும் அப்படியே. மெஷின் புத்தகத்தில் வெளிக்காற்றுக்கு என்று ஒரு பத்தி இருக்கும். வெளியே மழையா வெயிலா என்று தெரியாமல் உள்ளே சூடு சரியா என்று சொல்லவே முடியாது. தங்கச்சியின் புத்தகத்தில் அந்தப் பத்தியைப் போட மறந்திருந்தேன். மடையன். கோடு கிழித்து, 'எங்கே, யார் பக்கத்தில்' என்று எழுதினேன். விடை ஒரே வரிதான். ஒன்பதாம் நம்பர் மலை, கணக்கப்பிள்ளை.

நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தச் சொன்னாள், மூன்று இடத்திலும் நிறுத்த வைத்தேன். டாக்டர் எல்லாம் பார்த்தார். புண் இல்லை, பூச்சி இல்லை, நடிப்பும் இல்லை என்றார். குடல் சட்டென்று பதறுகிற சாதி. பயந்தால் கூடுதலாகப் பதறும், அது பதறுவதைப் பார்த்து மனுஷி இன்னும் பயப்படுவாள், பயந்து பட்டினி கிடந்தால் மனமும் சேர்ந்து நொந்துபோகும். வேளைக்குச் சாப்பிட வேண்டும், பயத்தைக் குறைக்க வேண்டும். "பயத்துக்கு மருந்து இருக்கா டாக்டர்?" என்று கேட்டேன். "பயம் எதுல இருக்குன்னு நீங்கதான் கண்டுபிடிச்சிட்டீங்களே" என்றார்.

திரும்பி வந்த அன்று அம்மாவிடம் சொன்னேன். தவக்காலம் தொடங்க மூன்று நாள் இருந்தது.

"தவக்காலத்துலயாடா பிள்ளையத் தின்னச் சொல்ற? மினா எப்புடி இருந்தா!"

"மினாக்கா ஒருசந்தி இருக்கலம்மா. மலையில வயித்தால போயிருமோன்னு பயந்துகிட்டுக் கெடந்தா. என்கிட்டச் சொன்னா."

அம்மா அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "நான் ஊரு பூரா பெருமை பேசினேனேடா" என்றாள். எழுந்து, தெரேசாவின் கஞ்சிக் கோப்பையைக் கொட்டிவிட்டு, ரொட்டிக்கு மா பிசைந்தாள். மாவில் தேங்காய்ப்பூவும் போட்டாள்.

சாப்பாடு ஆயிற்று. மலை அப்படியேதான் இருந்தது. அந்த வாரமே காயவைக்கும் மெஷின் நின்றது. இரண்டு பகலில் ஓடவைத்தேன். தோட்டத்தை நடத்தும் துரைக்குச் சந்தோஷம். என்ன வேண்டும் என்று கேட்டார். லீவு கேட்பேன் என்று நினைத்திருப்பார்.

"கழிச்சுப் போட்ட தகரம் பதினாறு வேணுங்க. ஒம்பதாம் நம்பர் மலையில கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்துல கொஞ்சம் இடமும் வேணும்."

"என்னா, கோழிக்கூடு கட்டப் போறது?"

"கக்கூசுங்க. பொம்பளையாளுகளுக்கு."

துரை ஒரு துண்டுக் காகிதத்தை இழுத்து எழுதினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

கணக்கப்பிள்ளைக்குத்தான் பொறுக்கவில்லை. குழி வெட்டும்போது வந்து நின்று, "மலையில கக்கூசா? நாளைக்குக் கட்டிலும் மெத்தையும் கேப்பாளுக" என்றார். பக்கத்து நிரையிலிருந்து ராக்காயி மதினி கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்: "கட்டில் வேணாங்கய்யா. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நின்னாப் போதும், எங்களுக்குப் பாதி வியாதி போயிரும்." மலை முழுக்கச் சிரிப்பு. அந்த மனுஷன் அன்றைக்கு நிஜமாகவே அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

அப்போதுதான் தெரிந்தது, நீ மட்டும் இல்லை என்று. ஒவ்வொருத்தியாக வந்து, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் அப்படித்தான் தம்பி" என்றார்கள். காலையில் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் ஐந்து பேர். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆறு பேராக இருந்திருப்பீர்கள். ஏன் சொல்லவில்லை?

கதவுக்கு உள்ளே ஒரு கொண்டி போட்டேன், பழைய மெஷின் கதவில் கழற்றியது. யானை இழுத்தாலும் வராது. முதல் வாரம் தெரேசா ஒரு நாளைக்கு ஐந்து தரம் போனாள். "வயிறா?" என்றேன். "இல்லண்ணே. கொண்டி விழுதான்னு பாத்துட்டு வந்தேன்." இரண்டாம் வாரம் மூன்று தரம். பிறகு ஒன்று. போன வாரம் நாலு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. அந்தக் கதவு அங்கே நிற்கிறது என்று வயிற்றுக்குத் தெரிந்தால் போதுமாம். பதினாறு தகரம், அக்கா. உனக்கும் அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும்.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். போன மாதம்கூட ஒரு நாள் சுருண்டு கிடந்தாள். ஆனால் மறுநாள் காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனாள்.

இன்று காலை நான் அந்தக் கக்கூசுக் கூரைமேல் ஏறி ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி வாளி வந்தது. தெரேசா கூடையை இறக்கினாள். துணியை அவிழ்த்தாள். ஒரு ரொட்டி. இரண்டு. ராக்காயி மதினி தன்னுடையதில் பாதியைப் பிய்த்து நீட்டினாள், அதையும் தின்றாள். பிறகு என்னை அண்ணாந்து பார்த்து, "என்னண்ணே, எண்ணிட்டியா?" என்று கத்தினாள். கையில் இருந்த சுத்தியல் கீழே விழுந்துவிட்டது.

இதை நாலு பேர் வாசிக்கத்தான் எழுதுகிறேன். கூச்சப்படாதே. கூச்சப்பட்டதெல்லாம் போதும்.

இனி நான் செய்யப்போவது:

1. நாலாம் நம்பர் மலையில் இரண்டாவது கக்கூசு. தகரம் எட்டுத்தான் இருக்கிறது. மரம் தருவதாகக் கணக்கப்பிள்ளையே சொல்லியிருக்கிறார்.

2. மடுவம் வரைக்கும் தண்ணீர்க் குழாய். குழாய் எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். துரைக்கு இன்னும் தெரியாது.

3. தண்ணீர் குடிக்காத அந்த ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு குறிப்புப் புத்தகம். எழுதத் தெரியாதவர்களுக்குத் தெரேசா எழுதுவாள். வெளிக்காற்றுப் பத்தியோடு.

4. ஆடியில் உன் நினைவு நாள். ஒருசந்தி கிடையாது. ஒன்பதாம் நம்பர் மலையில், காலை பத்து மணிக்கு, அத்தனை பேருக்கும் ரொட்டியும் சம்பலும். அம்மா சுடுகிறாள். உன் பேரைச் சொல்லி இனி ஒருத்தியும் பட்டினி கிடக்க மாட்டாள். இது சத்தியம்.

உன் ரொட்டியையும் சேர்த்துத் தின்று வளர்ந்த தம்பி,
சவரிமுத்து