அது காத்து இல்லை

இன்று தொப்பூரில் டீ குடிக்க லாரியை நிறுத்தினேன். பக்கத்தில் ஓர் அம்பாசிடர், கண்ணாடியெல்லாம் ஏற்றி, என்ஜினை அணைக்காமல் நின்றது. அடியில் ஏ.சி. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாய் அதை நக்கியது. டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

நாம் இரண்டு பேரும் டிரைவர்களாக இருந்தபோது, நம் முதலாளியின் காரும் இப்படித்தான் சொட்டும். மாம்பழக்கூழ் ஆலைக்குள் பெண்கள் கொதிகலன் பக்கத்தில் வெந்துகொண்டிருப்பார்கள். நீ ஓட்டிய கார் மட்டும் குளிர்ந்திருக்கும். "அவரு எறங்கினதும் ஆஃப் பண்ணிரணும் மச்சான். அவரு குளிரு அவரோடயே எறங்கிப் போயிரும்" என்று சிரிப்பாய்.

அந்தச் சித்திரையில் காரில் குளிர் வருவது நின்றுபோனது. வழக்கமாகச் சேலத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோவாய். அவர் மீட்டர் மாட்டி, முள்ளைப் பார்த்துப் பார்த்து கேஸ் ஏற்றுவார். அன்று மத்தியானம் முதலாளி பெங்களூரில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். வியர்வையோடு போய் இறங்க அவருக்கு மனமில்லை. எங்கிருந்தோ ஒரு கேஸ் டப்பாவும் ரப்பர் குழாயும் வரவழைத்திருந்தார்.

"நீயே புடிச்சிரு."

"சேலத்துக்காரருக்கு மீட்டர் இருக்குதுங்க. எனக்குக் கைதாங்க இருக்குது."

"டயருக்குக் காத்துப் புடிக்கறவன்தானே நீ? இதுவும் காத்துதான்."

அந்த வார்த்தைதான் உன்னைக் கொன்றது. காத்து என்றால் நமக்குப் பயமில்லையே. பானெட்டுக்குள் ஏ.சி.க்கு இரண்டு பைப்புகள் இருந்தன. எதில் மாட்டுவது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கக் குழாயை ஒன்றில் மாட்டினாய். கையிலிருந்த டப்பா சூடேறியது.

"சுடுதுங்க" என்றாய்.

முதலாளி ஸ்டீயரிங் முன் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தார். "ஏறட்டும், ஏறட்டும்."

நான் பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்திருக்கலாம். முதலாளி இருக்கும் காருக்குள் கையை நீட்ட எனக்குத் துணிச்சலில்லை. டப்பா உன் நெஞ்சுக்கு நேரே வெடித்தது.

ஆலைக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் முதலாளி மிதித்ததைச் சொன்னேன். பேனா அசையவில்லை. 'காத்துப் பிடிக்கும்போது அஜாக்கிரதையாக இருந்தான்' என்று முதலாளி சொன்னது மட்டும் காகிதத்தில் ஏறியது. உன் அம்மா அதில் கைநாட்டு வைத்தாள். வெளியே வந்து என்னைக் கேட்டாள்: "காத்துல எப்பிடிடா ஆளு சாவும்?"

சேலத்து மெக்கானிக்கிடம் போய்க் கேட்டேன். நீ மாட்டியது என்ஜின் ஓடும்போது கேஸை அழுத்தித் தள்ளுகிற பைப்பாம். டப்பாவிலிருந்து வண்டிக்குப் போக வேண்டியது, வண்டியிலிருந்து டப்பாவுக்குத் திரும்பியிருக்கிறது. மிதிக்க மிதிக்க இன்னும் வேகமாக.

உன் வீட்டுக்குப் போய் அதைச் சொன்னேன். உன் அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப எம் புள்ள மேல தப்பு இல்லதானே?"

"இல்லைங்கம்மா."

"அத எழுதச் சொல்லுடா."

எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். ஒருவரும் எழுதவில்லை. முதலாளிக்கு இப்போது புது கார், புது டிரைவர்.

அதனால் நானே எழுதுகிறேன். அது காத்து இல்லை. குழாயைப் பிடித்தது உன் கை. ஆக்சிலேட்டரை மிதித்தது அவர் கால். சாவியைத் திருப்பாமல் நின்றது நான்.