அக்காவின் முழங்காலும் ஆயித்தியமலையும்

ஆக. 28, வெள்ளி

விடிந்ததும் கச்சான் காற்று. கண், மூக்கு, தேநீர், எல்லாவற்றிலும் மண்.

அக்காவுக்கு முழங்கால் வலி. அது தீர ஆயித்தியமலை மாதாவுக்கு நடந்து வருவதாக நேர்த்தி வைத்தாளாம். முழங்கால் வலிக்கிறவள் முழங்காலுக்காக நடப்பது என்ன நியாயம் என்று கேட்டேன். "தனியப் போக ஏலா புள்ள, நீ துணைக்கு வா" என்றாள். பாடசாலை விடுமுறை. சாக்கு இல்லை.

திருவிழாக் கூட்டம் ஒரே மூச்சில் நடந்து முடிக்கிற தூரம். நாங்கள் கூட்டத்துக்கு முந்திப் போகிறோம், மூன்று நாளாக. கூட்டத்தோடு போனால் ஓட வேண்டுமாம்.

வலையிறவுப் பாலம் தாண்டவே காலை முழுக்கப் போயிற்று. பாலத்தில் நின்று வாவியைப் பார்த்தாள். இறால் வலைக்காரனிடம் விலை கேட்டாள், வாங்கவில்லை. பத்து எட்டு வைப்பாள், "இரு புள்ள, கால் இழுக்குது" என்று இடது முழங்காலைத் தடவுவாள். பிறகு தண்ணீர். பிறகு எனக்கும் தண்ணீர். வேண்டாம் என்றாலும்.

அக்காவின் பையில்: பெரிய மெழுகுதிரி ஒன்று, குளுக்கோஸ் பிஸ்கட், வலிக்குப் பூசுகிற சித்தாலேப, குடை இரண்டு, தலையணை உறை (ஏன்?).

என் பையில்: பனடோல், இந்தக் கொப்பி.

கழுத்தைச் சுற்றிச் சால்வை. இந்த வெயிலில். கழுத்துக் கட்டியில் சோதனைக்கு ஊசி குத்தி எடுத்த இடத்தில் இன்னும் பிளாஸ்டர். முடிவு செவ்வாய்க்கிழமை. யாருக்கும் சொல்லவில்லை. அக்காவுக்குச் சொன்னால் அன்றைக்கே ஊர் முழுக்கச் செபமாலை.

இரவு வவுணதீவில், அக்காவிடம் சட்டை தைக்கக் கொடுக்கிற பெண்ணின் வீடு. படுக்கச் சொல்லி இரண்டு பேரும் என்னையே விரட்டினார்கள்.

ஆக. 29, சனி

கால் வலிக்கவில்லை. பொறுமைதான் வலிக்கிறது.

காத்தான்குடிப் புடைவை வியாபாரி ஒருவர், மோட்டார் சைக்கிளில் மூட்டை கட்டி, பக்கத்தில் நிறுத்தினார். "எங்க அக்காமார் இந்த வெயிலுக்குள்ள? ஏறுங்க, ஒவ்வொராளாக் கொண்டு விடுறன்."

"நேர்த்தி தம்பி. நடந்துதான் போகணும்."

"அப்ப படுக்கை விரிப்பாவது எடுங்க. நல்ல திக்கான துணி. மாதாக்கும் சந்தோசம்."

நடுறோட்டில் விரித்து, மடித்து, விலை பேசி, கடைசியில் வாங்கியே விட்டாள். நான் தூக்குகிறேன் என்றேன். தரவில்லை. என் பையையும் பிடுங்கித் தன் தோளில் போட்டாள். நொண்டுகிறவள் இரண்டு பையும் விரிப்பும் சுமக்கிறாள், நான் கை வீசி நடக்கிறேன். போகிறவர்கள் என்னை எப்படிப் பார்த்திருப்பார்கள்!

மத்தியானம் மருத மர நிழலில் சோற்றுப் பார்சல். பிரித்ததும் நாய் ஒன்று பொரித்த மீனைக் கவ்விக்கொண்டு ஓடிற்று. அக்கா எழும்பினாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். நெல் வெட்டி முடிந்த வயல் வட்டைக்குள் இறங்கி, ஒட்டுத் தாள் மிதித்து, வரம்பு தாண்டி, வாய்க்கால் ஒன்றையும் பாய்ந்தாள். மண்கட்டி எறிந்தாள். நாய்க்கே பயம். மீனைப் போட்டு விட்டுப் போயிற்று.

திரும்பி வரும்போது நொண்டினாள். வலது கால்.

"அக்கா, வலி இடதில அல்லவா?"

மீனில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"எனக்கு ஒரு வலியுமில்ல புள்ள. நேர்த்தி உனக்கு."

"எனக்கா?"

"நீ நடந்து வந்து உன்ட கையால திரி கொளுத்துவாய் எண்டு நேர்ந்தன். உனக்கு எண்டு சொன்னா வருவியா? எனக்கு எண்டாத்தான் வருவாய்."

"எதுக்கு நேர்ந்தனீங்க?"

"கழுத்துல பிளாஸ்டர ஒட்டிக்கிட்டு நுளம்பு கடிச்ச எண்டாய். நுளம்புக் கடிக்கு ஆரு பிளாஸ்டர் ஒட்டுற? கிளினிக்குக்குப் போனதும் தெரியும். களைக்கப்படாதெண்டுதான் மெள்ளக் கூட்டி வாறன்."

கோபம் வந்தது. என் கழுத்து, என் கட்டி, என்னைக் கேட்காமல் என் கால்களை அடகு வைக்க இவள் யார்? கேட்டேன். "அக்கா" என்றாள், அவ்வளவுதான். மீன் சாப்பிட்டோம். வாயெல்லாம் மண்.

ஆக. 30, ஞாயிறு

அக்காவின் வலது முழங்கால் பூசணிக்காய் போல. வாய்க்கால் பாய்ந்த வினை. இப்போது உண்மையாகவே நடக்க ஏலாது. பாவம் என்று சொல்ல மனம் வரவில்லை. சித்தாலேப பூசினேன், கொஞ்சம் அழுத்தமாகவே.

ஓட்டோ பிடித்தேன். பைகள், விரிப்பு, அக்கா எல்லாம் ஏற்றினேன். நானும் ஏறப் போனேன்.

"நீ எங்க ஏறுறாய்?"

"விசரா அக்கா? இனியும் நடக்கவா?"

"எனக்கு ஏறலாம். நேர்ந்தது உனக்கு." ஓட்டோக்காரரிடம், "போங்க தம்பி."

போய்விட்டாள். தண்ணீர்ப் போத்தலோடும்.

தனியே. வெயில். நம்பிக்கை இல்லாதவள், இன்னொருத்தி வைத்த நேர்த்திக்கு நடக்கிறேன். பின்னால் பஸ் வந்தது. நடத்துநர் மிதிபலகையில் நின்று, "மாதா கோயிலா? ஏறுங்க டீச்சர், ஆள் இல்லாம ஓடுது" என்றார். டீச்சர் என்று எப்படித் தெரியும்? முகமோ.

ஏறியிருக்கலாம். கோயிலுக்கு முந்தின தரிப்பில் இறங்கி நடந்து வந்தால் யாருக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. மாதா பார்க்கிறா என்று நான் நினைக்கவில்லை. கை காட்டி அனுப்பிவிட்டேன். ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. பஸ் போனபின் றோட்டில் நின்று என்னையே ஏசினேன், சத்தமாக. வயலில் மாடு ஒன்று நிமிர்ந்து பார்த்தது.

மெள்ளத்தான் நடந்தேன். வேகமாக நடக்கலாம், மறிக்க யாரும் இல்லை. சால்வையைக் கழற்றி இடுப்பில் கட்டினேன். கழுத்தில் காற்றுப் பட்டது.

அக்கா கோயில் வாசலில் பிளாஸ்டிக் கதிரையில், காலைத் தூக்கி விரிப்பு மூட்டையில் வைத்து. உள்ளே போகவில்லையாம். முதலில் நான் போக வேண்டுமாம்.

"பஸ்ஸில வந்தாயா?"

"இல்ல."

என் செருப்பையும் புழுதியையும் பார்த்தாள். கழுத்தையும். தண்ணீர் தந்தாள்.

திரி கொளுத்தினேன். காற்று இரண்டு தரம் அணைத்தது. மூன்றாம் தரம் அக்கா நொண்டி வந்து குடையை விரித்துப் பிடித்தாள், கோயிலுக்குள்ளே. ஆட்கள் பார்த்தார்கள். செபம் ஒன்றும் சொல்லவில்லை. எரிகிறதா என்று மட்டும் பார்த்தேன்.

வெளியே வந்து சொன்னேன்: "செவ்வாய்க்கிழமை முடிவு."

"தெரியும். எத்தின மணிக்கு?"

"காலையில. நான் தனியப் போவன்."

அக்கா முழங்காலைத் தடவினாள். வலதைத்தான்.

திரும்பிப் போகையில் பஸ்ஸில் அக்கா என் தோளில் நித்திரை, வாய் திறந்தபடி. தலைக்குக் கீழே அந்தத் தலையணை உறை, சால்வையை உள்ளே திணித்து.

செவ்வாய்க்கு ஓட்டோ சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கு. அவளுக்கு நடக்க ஏலாது.