நான் கோர்ட்டா, வெறும் ஆபீசரா

மார்ச் 12, 2024 – செவ்வாய்

காலையிலிருந்து என் அறையில் ஃபேன் ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் நாளைக்கு வருவானாம். மே மாசக் கடைசியில் ரிட்டயர் ஆகப்போகிற டெபுட்டி கலெக்டருக்குக் காற்று எதற்கு என்று நினைத்துவிட்டார்கள் போல.

வேர்த்து வழிய லேண்ட் டிரிப்யூனலில் உட்கார்ந்து, மத்தியானம் ராஜமணி வக்கீல் நடத்திய பட்டயக் கேஸில், அதாவது பட்டா கேட்கிற கேஸில், ஆர்டர் சொன்னேன். அவர் கட்சிக்காரர் அந்த நிலத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் போதவில்லை, மனு தள்ளுபடி. நான் வாயை மூடவில்லை, அவர் எழுந்துவிட்டார். "இது கோடதியல்ல, ஆபீஸ்! கலெக்டர் சொல்றதை டைப் அடிக்கிற ஆபீஸ்!" என்று மலையாளத்தில் கத்தினார். கோர்ட் இல்லையாம், வெறும் ஆபீஸாம். ஆர்டர் நகலை மேசைமேல் எறிந்துவிட்டு வெளியே போனார். ஹால் நிறைய ஜனம்.

வாசலில் நின்று கட்சிக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சுடலைமாடத்திக்கு என்னைவிடக் கோபம். "பிடிச்சு உள்ள போடணும் சாரே. வக்கீல்னா கொம்பா மொளச்சிருக்கு?"

ராஜமணியா இப்படி? வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

மார்ச் 13

எவனோ மொபைலில் எடுத்திருக்கிறான். வில்லேஜ் ஆபீசர்களின் வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் போய்விட்டது. கேன்டீனில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. அந்த டீயைக் குடிக்கவே முடியவில்லை.

மார்ச் 15 – வெள்ளி

சட்டப் புத்தகங்களைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தனக்குக் கீழே இருக்கிற கோர்ட்டை யாராவது அவமதித்தால் ஹைகோர்ட் தண்டிக்கலாம். சரி. ஆனால் என்னைப்போல ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்து கேஸ் கேட்கிறவன் கோர்ட்டா? விசாரித்து ரிப்போர்ட் மட்டும் எழுதி மேலே அனுப்புகிறவர் கோர்ட் இல்லை என்று ஒரு பழைய தீர்ப்பு. இரண்டு தரப்பையும் கேட்டு, கட்டுப்படுத்துகிற முடிவைத் தானே சொல்கிறவர் கோர்ட்தான் என்று இன்னொன்று, அதுவும் கூட்டுறவு இலாகா ஆபீசர் ஒருத்தரைப் பற்றி. நான் சாட்சி கேட்கிறேன். முடிவு சொல்கிறேன். என் முடிவுக்கு மேல் அப்பீல், அதற்கும் மேலே ரிவிஷன் ஹைகோர்ட்டுக்கே போகிறது. அப்புறம் என்ன?

நான் கோர்ட்தான். நடவடிக்கை கேட்டு ஹைகோர்ட்டுக்கு எழுதி அனுப்பிவிட்டேன்.

சுப்புலக்ஷ்மியிடம் சொன்னேன். இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தவள் கிரைண்டரை நிறுத்தினாள்.

"ராஜமணியை ஜெயில்ல போடப் போறேளா?"

"அவரை இல்லைடீ. அந்த வாயை."

"வாய் மட்டும் தனியாப் போகுமோ?"

பெண்டாட்டிக்கு வக்கீல் படிப்பு எதற்கு!

மார்ச் 24 – ஞாயிறு

கரமனை ஆற்றுப்பாலம் வரை தனியாக நடந்தேன். நல்ல மழை. ஒரு கடை வாசலில் ஒதுங்கினபோது பழைய டிரிப்யூனல் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது அது ஓட்டுக் கட்டிடம். நான் அங்கே கிளார்க், சேர்ந்த புதுசு. மழை பிடித்தால் ஓட்டுச் சத்தத்தில் சாட்சி சொல்வது எதுவும் காதில் விழாது. அப்போதைய டெபுட்டி கலெக்டர் பேனாவை மூடி வைத்துவிடுவார். மழை விடும்வரைக்கும் வாதி, பிரதிவாதி, வக்கீல்கள், நாங்கள் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். அடித்துக்கொள்ள வந்தவர்கள் ஒரே பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்துக்கொள்வார்கள். அந்த மாதிரி ஒரு மழையில்தான் பாறசாலையிலிருந்து ராஜமணி முதல் கேஸுக்கு வந்தார். தொப்பலாக நனைந்து, கழுத்தில் வெள்ளைப் பட்டையைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு. நான்தான் அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டேன். "தமிழா ஓய்?" என்றார் காதோடு. அந்த ஆபீஸில் எனக்கு அதுவரை தமிழில் பேச ஆள் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலமே சாலைக் கடைத்தெருவில் போளியும் பாயசமும். அதற்கப்புறம் எத்தனை வருஷம், எத்தனை போளி! நான் புரமோஷன் ஆகி ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அதே டிரிப்யூனலுக்கு அதிகாரியாகத் திரும்பி வந்த அன்று முதலில் எழுந்து நின்று வணங்கியவர் அவர். கண் கலங்கியிருந்தது. பார்த்தேன்.

ஏப்ரல் 9

நான் எழுதி அனுப்பினது ஹைகோர்ட்டில் கேஸாகி நம்பர் ஆகிவிட்டதாம். ராஜமணிக்கு நோட்டீஸ் போகிறது.

மே 31 – வெள்ளி

ரிட்டயர் ஆனேன். மாலை, பொன்னாடை, பலாப்பழ ஐஸ்கிரீம். என்னைத் தெரியாதவர்களெல்லாம் என்னைப் புகழ்ந்தார்கள். வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜமணி எப்படி வருவார்? வருவார் என்று நான் நினைத்ததே அசட்டுத்தனம்.

ஜூலை 18

மனசு கேட்கவில்லை. எழுதினதைத் திரும்ப வாங்க முடியுமா என்று அரசு வக்கீலிடம் போனில் கேட்டேன். "இனி அது உங்கள் விஷயமில்லை சார், ஹைகோர்ட்டுக்கும் அவருக்கும் நடுவில்" என்றார். தண்டித்தால் ஆறு மாசம் வரைக்கும் போடலாம். பார் கவுன்சில் தனியாக வக்கீல் கோட்டைக் கழற்றிவிடும். அந்த மனிதருக்குக் கோர்ட்டைத் தவிர என்ன தெரியும்?

அப்புறம் அரசு வக்கீலே சொன்னார்: "பயப்படாதீங்க. டிரிப்யூனல் கோர்ட்டே இல்லைன்னு ஒரு வாதம் இருக்கு. அதை எடுத்தா ஆள் தப்பிச்சுடுவார்."

போனை வைத்தபின் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் கோர்ட் இல்லை! நான் யாருமே இல்லை, டைப் அடிக்கிற ஆபீஸ்! ஆகட்டும், அப்படியே தீர்ப்புச் சொல்லட்டும். என் பெருமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?

சுப்புவிடம் சொன்னேன். "இதை மார்ச்சிலேயே நெனச்சிருக்கலாம்" என்றாள்.

அக்டோபர் 3 – வியாழன்

யாருக்கும் சொல்லாமல் எறணாகுளம் ஹைகோர்ட்டுக்குப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். இரண்டு நீதிபதிகள். ராஜமணி கோட்டும் கவுனும் இல்லாமல் வெள்ளைச் சட்டையில் நின்றார். இப்படி மெலிந்துபோவாரா ஒரு மனுஷன்?

மூத்த நீதிபதி கேட்டார்: "டிரிப்யூனல் கோர்ட்டே அல்ல என்ற வாதத்தை ஏன் எடுக்கவில்லை?"

சொல்லுங்கோ வக்கீலே, சொல்லித் தொலையுங்கோ என்று என் உள்ளுக்குள்ளே. ராஜமணிக்காக ஆஜரான வக்கீல் எழுந்தார். ராஜமணி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, தானே இங்கிலீஷில் பேசினார். சொன்னது இவ்வளவுதான்: அந்த வாதம் தெரியும், அதை எடுத்தால் தப்பிக்கலாம் என்றும் தெரியும். ஆனால் அந்த அறையில் வாங்கின பட்டயத்தை நம்பித்தான் என் கட்சிக்காரர்கள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். அது கோர்ட் இல்லை என்று இன்றைக்கு என் வாயால் சொல்லமாட்டேன். அது கோர்ட்தான். அங்கே உட்கார்ந்திருந்தவர் யார் சொல்லியும் எழுதுகிறவர் இல்லை, அது எனக்குத் தெரியும். கோபத்தில் சொல்லிவிட்டேன். தண்டனை கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறேன்.

பக்கத்தில் இருந்த ஜூனியர் வக்கீல் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

நீதிபதிகள் இருவரும் தலை சாய்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். எனக்கு அது ஒரு யுகம். பிறகு தீர்ப்பு: மன்னிப்பை ஏற்கிறோம், இனிமேல் கவனம். டிரிப்யூனல் கோர்ட்டா இல்லையா என்பதை இந்த வழக்கில் முடிவுசெய்யத் தேவையில்லை, கேள்வியைத் திறந்தே விடுகிறோம்.

வராந்தாவில் ராஜமணி என்னைப் பார்த்துவிட்டார்.

"சாமி! நீரு எங்க இங்க?"

"சும்மா வந்தேன்."

"சும்மா எறணாகுளம் வரைக்குமா ஓய்?"

"நான் அதை எழுதி அனுப்பியிருக்கக் கூடாது வக்கீலே" என்றேன்.

"பின்ன? அப்படிப் பேசினவனை விட்டா நாளைக்கு எவன் அங்க பயந்து பேசுவான்? அது இருக்கட்டும். உம்ம ஆர்டர் தப்புதான், கேட்டீரா? அப்பீல் போட்டாச்சு. ஜெயிப்பேன்."

"ஜெயிங்கோ."

பரசுராம் எக்ஸ்பிரஸில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஆலப்புழை வழியா கோட்டயம் வழியா எது சௌகரியம் என்று கொஞ்சம் சண்டை. கொல்லம் தாண்டினதும் தூங்கிப்போனார். பல ராத்திரிகள் தூங்கியிருக்கமாட்டார். தலை மெல்லச் சாய்ந்து என் தோளில் விழுந்தது.

எங்கள் ஊர் சென்ட்ரல் வந்தது. நான் இறங்குகிற இடம். ஜனம் இடித்துக்கொண்டு இறங்கியது, ஏறியது. அசைந்தால் எழுந்துவிடுவார். டிக்கெட் சென்ட்ரல் வரைக்கும்தான் எடுத்திருந்தேன். சர்வீஸ் முழுக்க டிக்கெட் இல்லாமல் ஒரு டவுன் பஸ்ஸில்கூட ஏறினதில்லை.

அவர் ஊரான பாறசாலை வந்தபோது எழுப்பினேன். அவரை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, கரமனைக்கு பஸ் பிடித்தேன்.