டாங்கோவுக்குச் சுழன்ற கை

மார்ச் 3, 1914

நாளை கடற்கரை நடனக்கூடத்தில் படப்பிடிப்பு. லாஸ் ஏஞ்சலிஸே டாங்கோ பித்துப் பிடித்து அலைகிறதே, அதைக் கேலி செய்யும் சிரிப்புப் படம். கேமராவின் கைப்பிடியைச் சுற்ற எனக்கு முதல் வாய்ப்பு. எனக்கு முன் சுற்றியவனை, ஒரு படச்சுருள் பாழானதற்காக டைரக்டர் ஹாஸ்கெல் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மார்ச் 4

முடிந்தது. கூட்டம் நிஜமாகவே ஆடட்டும் என்று பேண்டையும் வாசிக்கவிட்டார்கள். சிரிப்பு நடிகன் ப்ரூயிட் ஆடிக்கொண்டே போய்ப் படிக்கட்டில் உருண்டான். கதைக்குச் சும்மா உருண்டாலே போதும். அவனுக்கு மணிக்கட்டே முறிந்துவிட்டது. முகம் வெளுத்துக் கிடந்தவன் முதலில் கேட்டது என்னைத்தான்.

"எல்லாம் பதிஞ்சுதாப்பா?"

பதிந்தது என்றேன்.

மார்ச் 5

காலையில் காபிக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்தேன். மனைவி லாட்டி அடுப்பருகே டாங்கோ முணுமுணுத்தாள். பாட்டு நிற்கிற இடத்தில் என் கையும் நின்றது. பாட்டு ஓடினால் கையும் ஓடியது.

கேமராவின் கைப்பிடி நினைவுக்கு வந்தது. வினாடிக்கு இரண்டு சுற்று; கூடினால் திரையில் ஆட்கள் மெதுவாக நகர்வார்கள், குறைந்தால் விசுக்கென்று தாவுவார்கள். அதற்காகத்தான் எப்போதும் ராணுவ நடைப்பாட்டு ஒன்றை வாய்க்குள் பாடிக்கொண்டே சுற்றுவேன். நேற்று பாடினேனா? இல்லை. பேண்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

லாட்டி என்ன ஆச்சு என்று கேட்டாள். கொட்டை கடினமாக இருக்கிறது என்றேன்.

மார்ச் 6

படச்சுருள் இன்னும் கழுவும் அறையில்தான் இருக்கிறது. ஹாஸ்கெலிடம் சொல்லிவிடலாமா? ப்ரூயிட் கட்டுப்போட்ட கையோடு வந்து, இனி ஆயுசுக்கும் அப்படி ஒருமுறை விழ வராது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. கோழை.

மார்ச் 9

திரையிட்டார்கள். ஆட்டக்காரர்கள் தண்ணீரில் மிதப்பதுபோல் மிதந்தார்கள்; பாட்டு நின்ற இடமெல்லாம் தேள் கொட்டியதுபோல் துள்ளினார்கள். ஹாஸ்கெல் முகத்தை மூடிக்கொண்டார். தொலைந்தேன் என்றிருந்தேன் — மனுஷன் சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் வர!

எல்லோரும் போனபின் என்னை நிறுத்தினார். எப்படிச் செய்தாய் என்றார். மழுப்ப மனம் வரவில்லை.

"தெரியாமப் பண்ணிட்டேன் சார். பாட்டோட கை போயிடுச்சு."

அறைக் கதவைச் சாத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"ப்ரூயிட்டுகிட்ட சொல்லிடாதே. அந்த மிதப்பும் துள்ளலும் தன் ஆட்டம்னு நெனச்சுக்கிட்டிருக்கான்."

மார்ச் 10

வேலை இருக்கிறது.

மார்ச் 28

படம் வெளியாகி ஒரு வாரம் ஆகிறது. லாட்டி இழுத்ததால் அதே நடனக்கூடத்துக்குப் போனோம். படத்தில் பார்த்தபடியே முப்பது ஜோடிகள் மிதக்கின்றன, துள்ளுகின்றன, மறுபடி மிதக்கின்றன. நடுவில் ப்ரூயிட், கட்டுக் கையை உயர்த்திப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். நானும் முயன்றேன். இரண்டடி வைப்பதற்குள் லாட்டியின் காலை மிதித்துவிட்டேன்.

"விடுப்பா, உனக்கு வராது," என்றான் ப்ரூயிட். "இதெல்லாம் உடம்புல தாளம் இருக்கிறவனுக்கு."

சரி என்றேன்.