பள்ளிவாசல் தொட்டியில் மறந்த கிளிப்

நவம்பர் 3, திங்கள்

பல்லிலிருந்து கம்பியைக் கழற்றி நாற்பது நாள். இப்போது போட்டிருப்பது ரீட்டெய்னர், பல் நகராமல் பிடிக்கும் கிளிப். அண்ணத்தில் ஒட்டும் ரோஸ் நிறத் தகடு, முன்பல்லைச் சுற்றி ஒற்றைக் கம்பி. சாப்பிடவும் வாய் கொப்பளிக்கவும் மட்டும் கழற்றலாம். வகுப்பில் நான் 'சராசரி' என்றால் 'ச' வழுக்கி வருகிறது, பின்பெஞ்சில் சிரிக்கிறார்கள். பொருளியல் வாத்தியார் அந்தச் சொல் இல்லாமல் எப்படிப் பாடம் நடத்துவது?

நாற்பத்தெட்டு வயதில் இது எதற்கு என்று ஆசிரியர் அறையில் கேட்டார்கள். ஈறு கெடுகிறது என்றேன். பொய். காரணம் அஃப்சல், என் மனைவி ரமீஜாவின் அண்ணன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் எங்கள் நிக்காஹ் பந்தலில் எல்லோரும் கேட்கச் சொன்னான்: "மாப்ள பின்னாடிதான் வாராரு, பல்லு முன்னாடியே வந்து சலாம் சொல்லிருச்சு."

பெண்கள் பக்கமிருந்தும் சிரிப்பு வந்தது. ரமீஜா தான் சிரிக்கவில்லை என்கிறாள். எனக்குக் கேட்டது.

அவன் மகள் ஃபஸீலாவுக்குப் பதினாறாம் தேதி ஸ்ரீவில்லிபுத்தூரில் நிக்காஹ். நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். போவேன். போட்டோவில் பல் தெரியச் சிரிப்பேன். அவன் பார்க்க வேண்டும்.

நவம்பர் 7, வெள்ளி

தொலைத்துவிட்டேன்.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் ஸ்ரீவில்லிபுத்தூரில். அதற்குப் பக்கத்துப் பள்ளிவாசலில்தான் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும்போது மூன்று முறை வாய் கொப்பளிக்க வேண்டுமே, கழற்றித் தொட்டித் திண்டில் வைத்தேன். குத்பா பிரசங்கம் தொடங்கிவிட்டதென்று ஓடினேன். தொழுதுவிட்டு வந்தால் திண்டில் ஒன்றுமில்லை.

"என்ன சார் தேடுதீய?" என்றார் பாங்கு சொல்லும் மோதினார்.

"சாவிக்கொத்து."

ஏன் அப்படிச் சொன்னேன்? பல் கிளிப் என்றால் சாயங்காலத்துக்குள் அஃப்சல் காதுக்குப் போய்விடும். அவன் இந்த ஊரில்தான் குடியிருக்கிறான். பாவம் அந்த மனிதர், முழங்கால் வலியோடு குனிந்து இல்லாத சாவியைத் தேடினார்.

நவம்பர் 8, சனி

பல் டாக்டர் ஆல்வின் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சார், பல்லு இன்னும் நெலைக்கல. சும்மா விட்டா பழைய எடத்தத் தேடிப் போயிரும்."

புதியது செய்து வரப் பத்து நாள் ஆகுமாம். அதாவது பதினெட்டு. நிக்காஹ் பதினாறு.

நவம்பர் 9, ஞாயிறு

நாக்கு முன்பல்லை விட்டு வேறெங்கும் போவதில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

நகர்ந்திருக்கிறது. நேற்று நூல் நுழையாத சந்தில் இன்று நுழைகிறது. இல்லை, நூல்தான் வேறா? டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு நேரம் சரியாகத் தெரிகிறது, ஒரு நேரம் பழைய முகம் தெரிகிறது.

நிக்காஹுக்கு நான் வரவில்லை என்று ரமீஜாவிடம் சொன்னேன்.

"எனக்கு இருக்கது ஒரே அண்ணன். அவிய வீட்டு மொத விசேசம். நான் மட்டும் போய் நின்னா சனம் என்ன கேக்கும்? மாப்ளைக்குப் பல்லு சரியில்லைன்னு சொல்லவா?"

"சொல்லு. ஒங்க அண்ணன் ஏற்கெனவே சொன்னதுதான."

 நிக்காஹுக்கு எடுத்து வைத்திருந்த சேலையை அவள் அழுதபடி மடித்துத் திரும்பப் பீரோவில் வைத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது குறைவு. எனக்கு என்ன கேடு வந்தது?

நவம்பர் 14, வெள்ளி

ஜும்மா முடிந்ததும் மோதினாரிடம் உண்மையைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பல்லு கிளிப்பா? அதத்தான் அன்னைக்கே ஒங்க மச்சான் எடுத்துட்டு வந்து, யாருதுன்னு கேட்டாவ. யாரும் கேக்கலன்னு வீட்டுக்குக் கொண்டு போயிட்டாவ. நீங்க சாவின்னுல்ல சொன்னீய."

ஒரு வாரம். அதை வைத்து ஒரு வாரமாகச் சிரித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் மழையில் நனைந்தபடி அவன் வீட்டுக்கு நடந்தேன். சொல்ல வேண்டியதையெல்லாம் வழியில் அடுக்கிக்கொண்டேன்.

அவன் மனைவி ஆரிபா கதவைத் திறந்தாள். வாஷ்பேசின் மேல் இரண்டு கண்ணாடித் தம்ளர், இரண்டிலும் தண்ணீர். ஒன்றில் என் கிளிப். மற்றதில் மேல்வரிசைப் பல்செட்.

அஃப்சல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தான். கன்னம் உள்ளே போயிருந்தது.

"ஒங்களுதா மச்சான்? காஞ்சா கெட்டுப் போயிருமேன்னு தண்ணியில போட்டேன். தெனமும் தண்ணி மாத்திட்டுதான் இருக்கேன்."

"ஒனக்கு எப்ப?"

"சுகரு. ஆடி மாசம் மேல்வரிச அம்புட்டும் போச்சு. ரமீஜாட்ட சொல்லிராதீய. அதான் நீங்க இல்லாத நேரமா வந்து பத்திரிகை வச்சேன். ஒங்க முன்னாடி பேச வெக்கமா இருந்துச்சு."

அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது: இப்போது யார் பல் முதலில் வந்து சலாம் சொல்லுகிறது? இருபத்திரண்டு வருடம் காத்திருந்த இடம். "தண்ணி மாத்துனியா, சரி" என்று மட்டும் சொன்னேன்.

கிளிப்பை மாட்டினால் உயிர் போகிறது. ஆனால் ஏறிவிட்டது.

வீட்டுக்கு வந்து, பீரோவிலிருந்து சேலையை எடுத்து வைக்க ரமீஜாவிடம் சொன்னேன். 

நவம்பர் 16, ஞாயிறு

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. பந்திக்கு முன் கை கழுவும் இடத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கிளிப்பைக் கழற்றினேன். பக்கத்தில் இன்னொருவர் அதே மாதிரி நின்றார். அஃப்சல்.

"புது செட்டு, பிரியாணிக்கு ஆட்டம் காணுது" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு டப்பாவை நீட்டினார். "என் செட்டோட ஒங்களதையும் இதுலயே போடுங்க மச்சான். மறுபடி சாவி தேட விட்றாதீய."

மோதினார் சொல்லியிருக்கிறார். நான்தான் முதலில் சிரித்தேன்.

சாப்பிட்டு வெளியே வந்தவுடன் போட்டோக்காரர் பிடித்துக்கொண்டார். சிரிங்க, சிரிங்க என்றார். செட் டப்பாவிலேயே இருக்க, அஃப்சல் உதட்டை இறுக்கி நின்றார். நானும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு அவர் டப்பாவிலிருந்து தன் செட்டை எடுத்துக்கொண்டார். டப்பா என்னிடமே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகும்போது கொடுக்க வேண்டும்.