நான்காவது பாட்டில்

இன்று காலை நான்காவது பாட்டிலின் மூடியைத் திறந்ததும் கடல் வாடை அடித்தது. திருத்தணியில் ஏது கடல்? நீதான் வந்து நிற்கிறாயோ என்று திரும்பிப் பார்த்துவிட்டேன், மகளே.

ஊரடங்கில் உன் ஆய்வுக்கூடத்தைப் பூட்டியபோது ஐந்து பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாய். பவளப்பாறைக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் பாசி என்றாய். என் கண்ணுக்கு ஐந்தும் ஒரே பழுப்புத் தண்ணீர். ஐந்தாவதைக் கெட்டுப்போன தண்ணீர் என்று கொட்டி, அரிசி போட்டுக் குலுக்கிக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

“இன்னாம்மா பண்ணிட்ட! அஞ்சும் ஒண்ணு இல்லம்மா, மரபணுவுல வேற வேற. கடல் சூடானா மத்ததெல்லாம் பவளத்த வுட்டுப் போயிடும், பவளம் வெளுத்துடும். நீ கொட்டினது சூட்டத் தாங்கிகினு இருந்த ரகம்.”

அந்த ரகம் மறுபடி உனக்குக் கிடைக்கவே இல்லை. மூன்று நாள் என்னோடு பேசவும் இல்லை. அதை நான் மறக்கவில்லை. நான்காம் நாள் நானே வந்து கேட்டேன், மீதியை எப்படிக் காப்பாற்றுவது என்று. மாதம் ஒருமுறை கொஞ்சம் எடுத்துப் புதுக் கடல்நீரில் விட வேண்டும் என்றாய்.

“தயிருக்கு உறை ஊத்தறதுதானே? இதுக்கா இத்தினி வருசம் படிச்ச?”

சிரித்துவிட்டாய்.

திரும்பிப் போகும்போது ஒவ்வொன்றிலும் பாதியை இங்கேயே விட்டாய். “ஒரே எடத்துல வெச்சா ஒரே நாள்ல போயிடும்மா.” இரண்டு வருடத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. எனக்கு முன்னால் போனதை நான் மன்னிக்கவில்லை.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வந்த உன் அத்தை, தங்குவதற்கு உன் பாட்டில்கள் இருக்கும் ஏசி அறையைக் கேட்டாள். பேரப்பிள்ளைகளையே உள்ளே விடாத அறை அது.

“பாசிக்கு ஏசி, எனக்கு ஃபேனா அண்ணி?”

“ஆங். நீ சூடு தாங்குவ. அதுங்க தாங்காது.”

அன்றோடு அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றது. நிற்கட்டும். ‘பாசி கழுவவா பொண்ணப் படிக்க வெச்ச’ என்று கேட்ட வாய்தானே.

நேற்று உன்னோடு வேலை பார்த்த பெண் போனில் அழுதாள். அங்கே மின்சாரம் போய் நான்காவது ரகம் செத்துவிட்டதாம். “உங்ககிட்ட இருக்காம்மா?”

“இருக்குது. அழாம வண்டி ஏறி வா.”

நீ விட்டுப்போன கேனில் நான் அவ்வப்போது வரவழைத்து வைக்கும் கடல்நீரில் இன்று காலை உறை ஊற்றினேன். ஒரு பாட்டில் அவளோடு போகும். ஒன்று இங்கே இருக்கும். ஊற்றி முடித்த பழைய பாட்டிலைக் கழுவ அரிசியை எடுத்தவள், முதலில் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வீட்டில் எந்தப் பாட்டிலையும் இப்போது நான் பார்க்காமல் கழுவுவதில்லை.